சீட்டைத் தொடாத குத்தூசி

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் குத்தூசி அண்ணனைப் போல இன்னொரு சந்தேகப் பிராணி கிடைக்காது. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றுகூட அவரிடம் தைரியமாகச் சொல்லிவிட முடியாது. "நீங்க பாத்தீகளா?" என்பார். கிண்டல் இல்லை, வம்பு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார். அதுதான் கொடுமை.

தேனியில் ஒரு பருப்பு மண்டியில் சரக்கின் தரம் பார்க்கிறவர் அவர். மூட்டைக்குள் குத்தி உள்ளே இருக்கும் மணிகளை வெளியே எடுக்கும் இரும்பு ஊசி எப்போதும் கையில் இருக்கும். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மூட்டையின் வாயில் நல்ல பருப்பு, மூலையில் கல்லும் தூசியும் என்பது அவர் வாழ்க்கையில் கண்ட உண்மை. ஆகவே எதையும் மூலையில்தான் குத்துவார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை அடிவரை கலக்கச் சொல்வார். டீக்கடையில் தட்டின் அடியில் கிடக்கும் பஜ்ஜியைத்தான் எடுப்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அனுமந்தன்பட்டிக்குப் போனவர், கூடத்தில் உட்காராமல் நேரே கொல்லையில் இருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போனார். "மாடு தெளிவா இருக்கு. பையன் நல்லவனாத்தேன் இருப்பான்" என்று சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த மண்டியின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். புரோகிராம் எழுத நாங்கள் நான்கு பேர், முதலாளி ஜெபா அக்கா. நண்பர்கள் கூடி, காசு வைக்காமல், செல்போனிலேயே போக்கர் என்கிற சீட்டு விளையாட்டை ஆடுகிறார்கள் அல்லவா? அந்த ஆப்புகளைச் செய்கிறவர்களுக்கு உள்ளே ஓடும் கணக்கை நாங்கள் கொடுத்துவந்தோம். இன்னார் கையில் இன்ன சீட்டு என்று ஆப் சொல்லும். யார் ஜெயித்தது, ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எங்கள் புரோகிராம் கண் மூடித் திறப்பதற்குள் பதில் அனுப்பும்.

ஒருநாள் அண்ணன் படியேறி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சரக்கு எங்கன வச்சிருக்கீக?" என்று என்னிடம் கேட்டார்.

"சரக்கு இல்லண்ணே. கணக்கு விக்கிறோம்."

"கண்ணால பாக்க முடியாதா?"

"முடியாதுண்ணே."

"அப்ப வாங்குறவுக எப்புடி நம்புறாக?"

பக்கத்தில் நின்ற ஜெபா அக்கா மறுநாளே அவரைப் பகல் நேரத்தில் இரண்டு மணி நேரம் புரோகிராமின் பதில்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். "இத்தன நாளா நம்மள்ல ஒருத்தரும் இந்தக் கேள்வியக் கேக்கலயே" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். அண்ணன் சீட்டைத் தொட மாட்டார். கல்யாணத்தின்போது மனைவி வாங்கிய ஒரே சத்தியம் அது. அதனால் பழைய காலண்டர் அட்டைகளை ஐம்பத்திரண்டு துண்டாக வெட்டி, ஆட்டீன், டைமண்ட், கிளாவர், இஸ்பேட் என்று பேனாவால் எழுதிக்கொண்டார். "இது வெறும் அட்டைதேன, தம்பி?" என்று என்னிடம் ஒப்புதல் வாங்கினார். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் வாங்கி வந்தார். போக்கர் விதிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். நிலப் பத்திரம் படிப்பதுபோல் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். புரியாத இங்கிலீஷுக்கெல்லாம் என் உயிரை வாங்கினார்.

இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜா வைத்திருப்பவரை நூற்றுக்கு எண்பத்திரண்டு தடவை ஜெயிப்பார் என்றது எங்கள் புரோகிராம். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து நூறு தடவை அட்டைகளைப் போட்டுப் பார்த்தார்.

"எழுவத்தெட்டுதேன் வருது. மிச்சம் நாலு எங்கன?"

"அது சுமாரான கணக்குண்ணே. நிறையத் தடவ போட்டா கிட்டக்க வந்துரும்."

"எத்தன தடவ?"

வாய் சும்மா இருக்காமல், "ரெண்டாயிரம்" என்றேன். போட்டார். மூன்று வாரம் போட்டார். காணாமல் போன நாலும் வந்து சேர்ந்த அன்று எங்கள் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்களுக்கு இருந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கொச்சியில் ஒரு கம்பெனி மட்டும், புதன்கிழமை பதினொரு மணிக்குச் சோதித்துப் பார்க்கிறோம், சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. இதுவும் கை நழுவினால் ஆபீஸை மூடவேண்டியதுதான் என்று ஜெபா அக்கா சொல்லிவிட்டார். ஆறு வருஷம் பெங்களூரில் தனியாகக் கிடந்துவிட்டு, உத்தமபாளையத்தில் கல்லூரி வேலையில் இருக்கும் மனைவியோடு அப்போதுதான் ஒரே வீட்டில் குடியிருக்க ஆரம்பித்திருந்தேன். ஆபீஸ் மூடினால் மறுபடியும் பெங்களூர் பஸ்தான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணன் என் மேஜையில் அட்டைகளைப் பரப்பினார். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஒரு ராஜா. ஒருவர் கையில் ஏஸ், இன்னொருவர் கையில் ஆறு. இரண்டு பேருக்குமே ஐந்து சீட்டு வரிசை சேர்ந்துவிடும்.

"யாரு ஜெயிச்சாக, தம்பி?"

"ஏஸ் வச்சிருக்கவருதேண்ணே." கம்ப்யூட்டரும் அதையே சொன்னது.

"ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு மூணு சீட்டு ஆடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏஸ், ரெண்டு, மூணு சேர்ந்துவிட்டால் ஜாக்கி, ராணி, ராஜா வரிசையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். மற்ற மூவரும் ஆமாம் போட்டார்கள். ஜெபா அக்காகூட, "சீட்டே தொடாதவருக்கு அதெல்லாம் தெரியாதுல்ல" என்றார்.

அண்ணனுக்குக் கோபமே வரவில்லை. "சரிதேன். போக்கர் புஸ்தகத்துலயும் அப்புடித்தேன் போட்டிருக்கா? நீங்க பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை. தெரிந்த விஷயம்தானே என்று அந்தப் பக்கத்தைத் திருப்பாமல், தீபாவளி நினைப்பிலேயே எழுதிவைத்திருந்தேன். அண்ணன் தாளை விரித்து விரல் வைத்துக் காட்டினார். போக்கரில் ஏஸ் இப்படி ரெண்டு, மூணோடு வரிசையில் சேர்ந்தால் அதற்கு வெறும் ஒன்று என்றுதான் மதிப்பு. அந்த வரிசைதான் இருப்பதிலேயே சின்னது. ஆறு வைத்திருப்பவர்தான் ஜெயித்தவர்.

நாங்கள் நான்கு பேரும் சின்ன வயதிலிருந்தே சீட்டாடியவர்கள். அதனாலேயே ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. திருத்தி, மறுபடி சோதித்து நிமிர்ந்தபோது மணி பத்தே முக்கால். பதினொரு மணிக்குப் போனில் வந்த கொச்சிக்காரப் பெண்மணி முப்பது கேள்விகள் வைத்திருந்தார். பதினேழாவதில் அதே ஏஸும் அதே ஆறும் வந்து நின்றன. ஆறுதான் ஜெயித்தது என்று பதில் வந்ததும் அவர் "கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் அது பாராட்டு. அந்த வாரமே ஒப்பந்தம் கையெழுத்தானது.

நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெங்களூர் பஸ்ல இருந்து எறக்கி விட்டுட்டீகண்ணே" என்றேன்.

"நானா? மூலையில குத்துனேன், அம்புட்டுத்தேன்" என்றவர், அட்டைகளை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு மண்டிக்கு இறங்கிப் போனார்.

இந்தத் தை மாதம் அவருடைய அனுமந்தன்பட்டி மருமகன் குமுளியில் ஏலக்காய்க் கடை திறந்தார். சரக்குப் பார்க்க மாமனாரைக் கூப்பிட்டுக்கொண்டார். வழியனுப்பத் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

"நீங்க இல்லாம ஆபீஸ் நல்லாவே இருக்காதுண்ணே."

"அதெப்புடித் தெரியும்? நான் இன்னும் போகவே இல்லயே" என்றார் அவர், ஜன்னல் வழியாக, அதே ஆர்வத்தோடு. பஸ் கிளம்பிவிட்டது.

ஒரு மாதம் பொறுத்திருந்துதான் போன் போட்டேன்.

"பாத்துட்டேண்ணே. நல்லாவே இல்ல."