நிமிர்ந்து நிற்கும் வௌவால்

ஒரு காட்டில் மழை பொய்த்தாலும் கல்வி மட்டும் பொய்க்காமல் வளர்ந்து வந்தது. ஐந்தாம் வகுப்புக் குட்டிகளுக்கு வௌவாலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று கல்வி இலாகா முடிவு செய்தது. ஒரு பாடம், சுவரில் மாட்ட ஒரு படம், வெட்டி ஒட்ட ஓர் அட்டை. பொறுப்பு, பாடநூல் அதிகாரியான கழுதையிடம்.

ஓவியர் குரங்கு ஆற்றங்கரை மருதமரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்து, அங்கே தொங்கிய வௌவாலைப் பார்த்து வரைந்து கொண்டுவந்தது. கழுதை படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கையெழுத்திட்டது.

"ஐயா, அது தொங்குற பிராணி," என்றது குரங்கு.

"எந்தப் பிள்ளையாவது புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் படிக்குமா?" என்றது கழுதை.

படம் நிமிர்ந்தே அச்சானது. அடியில் ஒரு வினாவும் சேர்ந்தது. வௌவால் எவ்வாறு இருக்கும்? விடை: நிமிர்ந்து நிற்கும்.

ஒரு மாதம் கழித்து மான் டீச்சர் முயல்குட்டிகளை மருதமரத்துக்குக் கூட்டி வந்தது. குட்டிகள் புத்தகத்தைப் பார்த்தன. மரத்தைப் பார்த்தன.

"டீச்சர், இதுங்க வௌவால் இல்ல."

மான் டீச்சர் கடமை தவறாதது. அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதியது. பத்தாம் நாள் மரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'இம்மரம் வௌவால்களுக்கு ஒதுக்கப்பட்டது. இப்போது இதில் இருப்பவை பாடத்தில் கண்ட வௌவால்கள் அல்ல. பதினைந்து நாளில் காலி செய்யாவிட்டால் மரம் வெட்டப்படும்.'

மரத்தில் நானூறு வௌவால்கள் இருந்தன. பாதி, மாரில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்த தாய்கள். காட்டில் அத்தனை பேரைத் தாங்கும் மரம் வேறில்லை.

பதின்மூன்று போராட்டம் கண்ட வீராயி என்ற வௌவால் கழுதையின் அலுவலகத்துக்குப் போனது.

"பொறந்ததுலேர்ந்து தொங்குறோம் ஐயா. படத்தைத் திருத்துங்க."

"பன்னிரண்டாயிரம் பிரதி போயாச்சும்மா. பிள்ளைங்க மனப்பாடமே பண்ணிட்டாங்க. நீங்க நானூறு பேர்தானே?"

வீராயி தலைகீழ்ப் போராட்டம் அறிவித்தது. நானூறும் இரவு பகல் பாராமல் தொங்கின. ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் வந்த நரி அண்ணாந்து பார்த்து, "போராட்டம் பண்றதாச் சொன்னாங்களே, எப்ப ஆரம்பிக்கிறீங்க அக்கா?" என்றது.

அன்று மாலை மரத்தில் கூட்டம் நடந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வௌவால் நிமிர்வது ஒரே காரியத்துக்குத்தான். மலஜலம் கழிக்கும்போது தன்மேல் படாமலிருக்க, கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றித் தலையை மேலே தூக்கும். காரியம் முடிந்ததும் பழையபடி தொங்கும். ஒருவர் தலைக்கு மேலே வேண்டுமென்றே அப்படி நிமிர்வதைவிடக் கேவலமான வசை அந்த இனத்தில் கிடையாது.

"கெடு முடியுற அன்னிக்குக் கழுதை நேர்ல வருது," என்றது வீராயி. "நல்லா அத்திப்பழம் தின்னுட்டு வாங்க தோழர்களே. இதுக்கு மேல மரியாதை வேண்டாம்."

பதினைந்தாம் நாள் காலை, கழுதை மான் டீச்சரோடும் மரம்வெட்டிகளோடும் வந்து மரத்தடியில் நின்றது. வீராயி குரல் கொடுத்தது. நானூறும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கல்வி இலாகாவின் மேல் தங்கள் கருத்தைப் பொழிந்தன.

கழுதை கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தது. புத்தகத்தைப் பிரித்தது. மறுபடி மேலே பார்த்தது.

"அச்சு அசல் படத்துல இருக்கிற மாதிரியே," என்று நெகிழ்ந்தது. காதில் ஒட்டியிருந்த அத்தி விதையை எடுத்து மான் டீச்சரிடம் காட்டியது. "விதை பரவுறதுக்குச் செய்முறை விளக்கம் வேற. ரெண்டாம் பருவப் பாடம் இது."

நோட்டீசைக் கிழித்தார்கள். மரம்வெட்டிகள் திரும்பிப் போனார்கள். புதிய ஆணை வந்தது: பள்ளி நேரம் முழுவதும் வௌவால்கள் இதே நிலையில் இருந்து மாணவர்களுக்கு உதவ வேண்டும், தவறினால் பழைய நோட்டீஸ் உயிர்பெறும்.

அன்றிலிருந்து காலை ஒன்பதரைக்கு நானூறும் நிமிர்கின்றன. முயல்குட்டிகள் குடை பிடித்து வந்து குறிப்பெடுக்கின்றன.

"நாம ஜெயிச்சோமா தோழர்?" என்று பக்கத்துக் கிளையில் குட்டியோடு இருந்த தாய் கேட்டது.

"மரம் இருக்குல்ல," என்றது வீராயி.

"கை விட்டுப்போகுது."

"நாலு மணிக்குப் பெல் அடிப்பாங்க. அதுவரைக்கும் பிடி."

நீதி: அச்சேறிய பாடத்தில் பிழை கிடையாது. உயிரோடு திரிவதுதான் பிழை.