டோட்டலைக் காணோம்

கணபதி, கோயமுத்தூர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அழகிரிசாமி அவர்களுக்கு, கொண்டல்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சம்பந்தியம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து வராதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மஜீத் பாய் எழுதுகிறார்.

விஷயம் உங்கள் மகள் பூஜிதாவைப் பற்றியது. நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று, "எம் பொண்ணு பெரியவங்கள எதுத்து ஒரு வார்த்த பேசாதுங்க" என்றீர்கள். நிஜம்தான், தமிழில் பேசியதே இல்லை. என் அறையைப் பார்த்தால் மட்டும் இங்கிலீஷ் வரும், அதுவும் ஜோடி ஜோடியாக. கட்டிலைப் பார்த்தால் "டோட்டல் மெஸ்ஸுங்க மாமா". கட்டிலுக்கடியில் கிடக்கும் பழைய மோட்டார் சாமானுக்கு "அட்டர் கேயாஸுங்க". பரணுக்குக் "கம்ப்ளீட் கிளட்டருங்க". கல்யாணமான மறுவாரம் என் காம்பில்லாத குடைக்கு முதல் டோட்டல் விழுந்தது. அன்றிலிருந்து ஜோடி மாறியதேயில்லை. அதைக் கேட்டால்தான் எனக்கும் காப்பி இறங்கும்.

போன திங்கட்கிழமை அம்மணி என் அறை வாசற்படியில் நின்று பார்த்தது. "மெஸ்" என்றது. அவ்வளவுதான். முன்னால் டோட்டலும் இல்லை, பின்னால் மாமாவும் இல்லை.

"ஏனம்மணி, டோட்டலக் காணோம்?"

"சொல்லி என்னங்க ஆகப்போகுது" என்று போய்விட்டது.

எனக்குப் பகீரென்றது. உங்கள் மாப்பிள்ளை ரவிதேஜாவிடம் சொன்னால், "தப்பிச்சீங்கப்பா" என்கிறான். புரியாத பயல். ஆளைக் கைகழுவினால்தானுங்களே திட்டுறத நிறுத்துவாங்க? அடுத்தது என்னைச் சென்னிமலையில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெட்ஷீட் யாவாரம். வூடே மடிச்சு வச்ச பெட்ஷீட்டாட்டம் இருக்கும். சீப்பைக்கூடக் கோணலா வைக்க முடியாதுங்க. அங்க போயி நான் எப்படிப் பொழைக்கறது?

அதனால் இன்று அம்மணி ஆர்.எஸ்.புரம் போன நேரம் பார்த்து என் அறையைத் துடைச்சு வச்சுப்போட்டேன். ஒரு ஸ்குரூ கிடையாது. சாமானெல்லாம் எங்க போச்சுன்னு மஜீத் பாய் கேக்கறாரு, நீங்க கேக்காதீங்க. உடனே வந்து நாலு நாள் தங்கி, "மாமாவ எங்கயும் அனுப்பாத கண்ணு" என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கொண்டல்சாமி (கைநாட்டு)

பி.கு.: மேலே சொன்னதை விட்டுவிடுங்கள். அம்மணி இப்போதுதான் வந்து, நீங்க வந்தாத் தங்குற அறையைத் திறந்துச்சு. "ஐயோ மாமா! அட்டர் கேயாஸுங்க! டோட்டல் மெஸ்ஸுங்க!" ரெண்டு ஜோடி ஒண்ணா வந்துபோட்டுதுங்க. நான் எங்கயும் போகலை. நீங்களும் வர வேண்டாம். வந்தாப் படுக்க இடமில்லீங்க.