குவாரிக்காரர் உபயம்

கருமத்தம்பட்டியில் இரண்டு பெரிய கட்சிகளையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவந்த ஒரே மனிதர் எங்கள் வீதி ‘உபயம்’ அண்ணன்தான். இனி அவரை யாரும் கூப்பிடக்கூடாது என்பதே அந்தக் கருத்து.

பந்தல், ட்யூப்லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது அவர் தொழில். கோயில் விளக்குகளில் ‘உபயம்: இன்னார்’ என்று எழுதி எழுதிப் பழகிய கை. பணம் கொடுத்தவர் பெயர் பொருளின்மேல் இல்லாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மாமனார் வாங்கிக் கொடுத்த மொபெட்டில்கூட மாமனார் பெயரை எழுதியிருந்தார். அதில் பின்னால் உட்கார அவர் மனைவி மறுத்துவிட்டார்.

தேர்தல் சீசனை நம்பி அவர் புது ஜெனரேட்டரைத் தவணையில் எடுத்திருந்தார். முதலில் வந்தவர் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

“ஏனுங்ணா, லைட்டு பில்லைக் குவாரிக்காரர்கிட்ட வாங்கிக்குங்க. வேட்பாளர் கணக்குல எதும் வராதுங்க.”

“அப்புடீங்களா? அவரு இனிஷியலு சொல்லுங்க.”

பில்லுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் செயலாளர் சொன்னார்.

மாலைக் கூட்டத்தில் மேடை விளக்குகள் எரிந்தன. எரிந்தன என்பது மிகை. ஒவ்வொரு ட்யூப்லைட்டிலும் குவாரிக்காரர் பெயரைச் சிவப்பு பெயிண்டில், பட்டங்களோடு, தடித்த எழுத்தில் எழுதியிருந்ததால் வெளிச்சம் வர இடமில்லை. “இது ஏழைகளின் பத்து ரூபாயில் வளர்ந்த கட்சி!” என்று வேட்பாளர் முழங்கினார். அவர் முகம் தெரியவில்லை. குவாரிக்காரர் பெயர் தெரிந்தது. செலவைக் கணக்கெடுக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பிய வீடியோ குழு வேட்பாளரை விட்டுவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்தது.

செயலாளர் ஓடிவந்தார். “உங்க கால்ல உழுகறனுங்ணா, அழிச்சுப்போடுங்க!”

“கோயிலுக்குக் குடுத்தா பேரு போடச் சொல்றாங்க. கட்சிக்குக் குடுத்தா மட்டும் வெக்கமுங்களா?”

மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். “அவங்க வண்டவாளத்த ஊருக்கே காட்டிப்போட்டீங்ணா! நம்ம கூட்டத்துக்கும் நீங்கதானுங்க. பில்லைப் பத்திக் கவலப்படாதீங்க, ஆளு கொண்டாந்து குடுத்துரும்.”

ஆள் வந்தது. அதே குவாரியின் மேனேஜர்.

அன்று அந்த மேடையும் இருட்டு.

அதன்பின் கூப்பிட ஆளில்லை. அண்ணன் கடை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். தவணைக்காரர்கள் வந்து ஜெனரேட்டரை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தால் கடைசிநாள் கூட்டம் உங்களுக்குத்தான் என்று இரண்டு கட்சியும் தனித்தனியே தூது அனுப்பின.

“ஊரே கூட்டணி மாத்துது. நீங்க ஒரு பெயிண்டு டப்பாவக் கீழ வெக்க மாட்டீங்களா?” என்றார் மனைவி.

“எழுதாம உட்டா எனக்குத் தூக்கம் வராது, அம்மணி.”

“தவண கட்டாட்டி எனக்குத் தூக்கம் வராதுங்க!”

அவர் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. கடைசிநாள் கூட்டங்களுக்கு அவிநாசியிலிருந்து விளக்குகள் வந்தன.

தேர்தல் முடிந்த கையோடு என் மகளுக்குக் காரமடையில் நிச்சயதார்த்தம் வைத்தோம். மண்டப வாடகையில் விளக்கும் ஜெனரேட்டரும் அடக்கம். அதை நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்திருந்தேன். இருந்தும் அண்ணன் கடைக்குப் போய், ஜெனரேட்டர் வேண்டும் என்று முன்பணத்தை நீட்டினேன்.

“மண்டபத்துலயே இருக்குமேங்க?” என்றார், வாங்கத் தயங்கி.

“அது பழசுங்ணா, நம்ப முடியாது,” என்றேன்.

மண்டபத்து ஜெனரேட்டர் போன மாதம் வாங்கியது.