கிணற்றடித் தெரு ஸ்டேஷன்

ஏழாவது தடவையும், சாமியிடம் உத்தரவு கேட்டுப் போட்ட இரண்டு பிறைக் கட்டைகளும் குப்புறவே விழுந்தன.

மெட்ரோ திட்ட இன்ஜினியர் ஷூ போ-யென் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால்தான், தெருவுக்கு ஒருவராக நிலத்தைக் காக்கும் மண்சாமிக்குச் சம்மதம். அதுவும் தொடர்ந்து மூன்று முறை விழவேண்டும். கிணற்றடித் தெரு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டேஷன் வர, இந்தச் சின்னக் கோயிலை நாற்பதடி நகர்த்த வேண்டும். "சாமி சரின்னா எங்களுக்கும் சரி" என்று தெருக்காரர்கள் போனிலேயே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் அனுமதிக்காகத் தைபேக்குப் போகாவிட்டால் பதினோரு வருட உழைப்பு கோவிந்தா.

ஆபீஸில் கேலி செய்வார்களே என்று மதியச் சாப்பாட்டு வேளையில் தனியாகத்தான் வருவார். கோயிலில் ஈ காக்காய் இருக்காது.

"இதைவிடப் பெரிய கோயிலா கட்டித் தர்றோம் சாமி."

குப்புற.

"மூணு நாள் பொம்மலாட்டம் வைக்கிறோம்."

இம்முறை இரண்டும் மல்லாக்க விழுந்து ஆடின. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்.

ஆபீஸில் விஷயம் தெரிந்த ஒரே ஆளான டைரக்டர் சென் அம்மாள் போனில் வந்தார். "என்ன ஷூ, என்ன சொல்றார்?"

"சிரிக்கிறார் மேடம்."

"அப்ப பாதையை மாத்துங்க."

வரைபடத்தில் ஸ்டேஷனைக் கிழக்கே தள்ளினார், தீயணைப்பு நிலையம் குறுக்கிட்டது. மேற்கே தள்ளினார்; மீன் சந்தைக்காரர்கள் கொடி பிடித்தார்கள். கடைசியில் ஒரு கிலோமீட்டர் தெற்கே, உப்புமண்டித் தெருவுக்கு ஸ்டேஷன் போனது. நோயாளிகள் அங்கிருந்து நடக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் சாமியிடம் கேட்டார்.

சம்மதம். சம்மதம். சம்மதம்.

எட்டில் ஒரு வாய்ப்பு என்று மூளை கணக்குப் போட்டது. ஆனால் மயிர்க்கால்கள் குத்திட்டன. ஊதுவத்திப் புகைக்குள் சாமி சிலையின் வெள்ளைத் தாடி முகம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடம் பூமியைத் துளை போட்டுப் பார்த்தவருக்கு, அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார். அங்கிருந்தே போனைத் தட்டி வரைபடத்தைத் தைபேக்கு அனுப்பினார்.

திரும்பினால், வாசலில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஸியூ-சின் அக்கா. மார்போடு அணைத்த சிவப்புத் துணிப் பொட்டலத்தில் ஏதோ தங்கமாக மின்னியது.

"உங்க சாமி சம்மதிச்சிட்டார் அக்கா," என்றார் ஷூ. "உப்புமண்டித் தெருவில ஸ்டேஷன்."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்க சாமி மூணு வாரமா மெருகு போடப் போயிருந்தார் தம்பி, இப்பத்தான் கூட்டிட்டு வர்றேன். உள்ளே இருக்கிறவர் விருந்தாளி. தன் கோயில் கூரை ஒழுகுதுன்னு இங்க வந்து தங்கியிருக்கிற உப்புமண்டித் தெருச் சாமி."