கொத்தமல்லி வாங்கப் போய் விருந்தாளி ஆன கதை

வடமதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகன் அஜித்துக்கு, உன் தாய்மாமன் பொம்மையன் ஆசி கூறி எழுதுவது. இங்கு மாடு, கன்று, தென்னை எல்லாம் நலம். நான் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீதான்.

மக்கள்தொகைக் கணக்கைப் பிளாக்செயின் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் பேரேட்டில் ஏற்றிப் பார்க்கிற உன் சோதனையை எங்கள் தெருவில்தான் நடத்த வேண்டுமா? அன்று காலை உன் அத்தை மலர்விழி கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னாள். போகிற வழியில் ஸ்டான்லி டீக்கடையில் செத்த நேரம்தான் உட்கார்ந்தேன், மதியமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுக்க வந்த தீபா டீச்சர், "வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?" என்று கேட்க, கடுப்பில் இருந்த உன் அத்தை, "நான் ஒருத்திதான். அந்த மனுசன் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துபோற விருந்தாளின்னு எழுதிக்கம்மா" என்று சொல்ல, அந்தப் புண்ணியவதியும் அப்படியே ஏற்றிவிட்டது. இது நிசமா என்று அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் போனுக்குக் கேள்வி போயிருக்கிறது. எதிர்வீட்டுச் செபாஸ்தியம்மாள் மாவாட்டுகிற கையோடு ஆமாம் என்று அமுக்கியிருக்கிறது. ஸ்டான்லியும் அமுக்கியிருக்கிறான்! "ஏலே, உனக்கென்னடா கேடு?" என்றால், "பொய் சொல்லச் சொல்றியாண்ணே? நீ வீட்டுல இருந்தா என் கடை பெஞ்சு ஏன் தேயுது?" என்கிறான்.

டீச்சரிடம் போய் அழிக்கச் சொன்னால், "ஏறினா அழிக்க முடியாதுங்கய்யா, அதுதான் இதோட சிறப்பே" என்கிறது. சிறப்பாம்! திருத்தம் சேர்க்கலாமாம், அதற்குக் குடும்பத்தலைவி சம்மதிக்கணுமாம். ஒருத்தர் சொன்னதைத் தெருவே ஆமாம் போட்டு ஆயுசுக்கும் மறக்காமல் வைத்திருக்க, எங்கள் தெருவுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடா? அஜித் அப்பு, நான் கட்டின வீட்டில் நானே விருந்தாளி. அவள் மனசறிந்துதான் சொன்னாளோ என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேங்குது. உன் வேலையே போனாலும் சரி, அதை அழித்துவிடு.

உனக்கும் உன் மனைவி தேவதர்ஷினிக்கும் சீக்கிரம் சொந்த வீடு அமையட்டும். அதில் உன் பேரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
விருந்தாளி பொம்மையன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு, எதையும் அழிக்காதே. இன்று மதியம் உன் அத்தை இலை போட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றி, "விருந்தாளிக்கு வெஞ்சனம் போதுமா, தொட்டுக்க இன்னும் வைக்கவா?" என்று கேட்டாள். கல்யாணமான புதிதில் அப்படிக் கேட்டது, அப்புறம் இன்றைக்குத்தான். மானத்தை விட்டு, "திருத்திரலாமா மலரு?" என்றேன். "விருந்தாளி என்னைக்குப் போறாருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. டீச்சர் கேட்டப்ப நான்தான் காலியா விடச் சொன்னேன். அதுல மட்டும் கைவைக்க வேணாம்னு அஜித்துக்கு எழுதுங்க" என்றாள். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இதோ கொத்தமல்லி வாங்கக் கிளம்பிவிட்டேன். நேராகப் போய் நேராகத் திரும்புவேன். ஸ்டான்லியிடம் ஒரே ஒரு டீ மட்டும்.