உப்புத்தாளால் விலை சொல்பவர்

மனிதர்களில் மதிப்புச் சொல்கிறவர் என்றொரு இனம் உண்டு. வியாபாரி அல்ல, வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஆனால் உங்கள் வீட்டில் கொஞ்சம் பழைய பொருள் ஒன்று இருந்தால் போதும், எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து, அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கிப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கி, "ம்ம்…" என்பார். அந்த 'ம்ம்'முக்கு என்ன அர்த்தம்? அவருக்கே தெரியாது.

எங்கள் பெரியப்பா இந்த இனத்தில் முதல் வரிசை.

அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, கணவர் இறந்தபின் ஆறு வருடமாக அவர் வீட்டுப் பின்னறையில், ஓட்டை சைக்கிளோடும் தண்ணீர் மோட்டாரோடும் குடியிருக்கிறாள். அவள் நம்பியிருந்தது, புகுந்த வீட்டிலிருந்து வந்த ஒரு சுழல் துப்பாக்கியை. தோட்டா பிறப்பதற்கு முந்திய காலத்தது. சுழலும் உருளையின் ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்தையும் குண்டையும் கெட்டித்து, பின்னால் குட்டிச் செப்புத் தொப்பி மாட்டிச் சுட வேண்டும். அதை விற்றால் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். படத்தைப் பார்த்த பழம்பொருள் வியாபாரி, சனிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா கையை நீட்டினார்.

"குடு பாப்போம். நான் பாக்காத துப்பாக்கியா?"

அவர் பார்த்தது பொருட்காட்சியில் பலூன் சுடுகிற துப்பாக்கி.

"அண்ணே, அவரே வந்து பாக்கட்டுமே."

"இப்படிக் கறுப்பேறிக் கிடந்தா இரும்பு விலைதான் சொல்லுவான். போட்டோ புடிக்கப் போனா மூஞ்சி கழுவிக்கிட்டுப் போக மாட்டியா நீ?"

உப்புத்தாள் வந்தது. கறுப்பு போயிற்று. உருளையைச் சுற்றிச் செதுக்கியிருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. குழாயிலும் சட்டத்திலும் உருளையிலும் ஒன்றுபோலப் பொறித்திருந்த எண்ணும் அவற்றோடு போயிற்று. மிச்சமிருந்த பளபளப்பில் பெரியப்பா மீசையைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் வியாபாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை யாரு தேய்ச்சது?"

பரிசு வாங்கப் போகிறவர்போலப் பெரியப்பா முன்னால் வந்தார். "நான்தான்! முழுசா ரெண்டு மணி நேரம்."

"அப்போ மணிக்குப் பாதி விலை போச்சுங்க. அந்தக் கறுப்புக்கும், எல்லாப் பாகமும் அசல்னு காட்டுற அந்த நம்பருக்கும்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இனிமே காகிதம் பறக்காம இருக்க மேல வச்சுக்குங்க."

அவர் போன பிறகு அத்தை துப்பாக்கியை எடுத்துப் பழைய துணியில் சுற்றினாள்.

"அண்ணே, அந்தப் பின்னறைக்கு ஒரு ஜன்னலாவது வச்சுக் குடு. நான் எங்கயும் போகலை."

பெரியப்பா தலைகுனிந்தாரா? "அவனுக்குப் பொருள் தெரியலம்மா. விடு," என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: உப்புத்தாள் தப்பு, மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்திருக்க வேண்டும் என்று நடுவிலேயே உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், தயவுசெய்து எங்கள் தெருப் பக்கம் வராதீர்கள். பெரியப்பாவுக்குத் தெரியாமல் அத்தை ஒரு பழைய கடிகாரம் வைத்திருக்கிறாள்.