நாணயச்சாலை வாசலில் மாட்டிக்கொண்ட அத்தை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் வணக்கம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும், அடுப்பு ஆடாமலும் பாத்திரம் சரியாமலும், மாலுமிகள் உங்கள் சமையலைக் குறை சொல்லாமலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்று எங்கள் மொழி ஆசிரியை சொல்லியிருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வதே இல்லை. அத்தை உங்கள் மனைவியாயிற்றே, தன் பக்கத்தை உங்களுக்கு எழுதியிருப்பார். அதைப் படித்தால் அப்பா ஒரு அரக்கன் என்று தோன்றும். அப்பா யாருக்கும் எதுவும் எழுத மாட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பார்த்தவள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

நாணயச்சாலையில் வேலை செய்பவர்களின் குடும்பத்தாரை வருடத்துக்கு ஒருநாள் உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா அங்கே வாசல் காவல் அதிகாரி. ஒருமுறை மேலாளரையே அவருடைய கட்டின உலோகப் பல்லுக்காக நிறுத்தி வைத்தவர். வீட்டுக்கு வந்தால்கூட வாசற்படியில் கைகளை அகல விரித்து ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார், பழக்கம் அப்படி. காசு செய்கிற அந்த இடத்துக்குள் ஒருவரும் காசோடு போகக் கூடாது. போனால் திரும்பி வரும்போது அது உன் காசா, அவர்கள் காசா என்று எப்படிச் சொல்வது? ஆகவே இருப்பதையெல்லாம் நுழைவு மேசையில் ஒரு பையில் போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே தேநீர்க்கடையில் பிளாஸ்டிக் வில்லை கொடுத்துத்தான் தேநீர் வாங்க முடியும். வெளியே வரும் வழியில் உலோகச் சோதனை வாசல் இருக்கிறது. அதன் வழியாகச் சத்தமில்லாமல் வந்தால்தான் வீடு. இதையெல்லாம் அப்பா முந்தின நாளே சொன்னார். அம்மா ஒரு வளையல்கூடப் போடாமல் வந்தார். அத்தை மட்டும், "எனக்கே பாடம் நடத்துறியா அண்ணா" என்று சொல்லிவிட்டுத் தன் தையல்கடையிலிருந்து நேராகக் கிளம்பி வந்துவிட்டார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

உள்ளே பார்த்ததைச் சொல்லாமல் எனக்கு மேலே எழுத வராது, மன்னிக்கவும். நீளமான தகட்டுச் சுருளை ஒரு இயந்திரம் வட்ட வட்டமாக வெட்டுகிறது. வெட்டியது போக மிச்சமான தகடு ஓட்டை ஓட்டையாகச் சல்லடை மாதிரி வெளியே வருகிறது, அதை மறுபடியும் உருக்கப் போய்விடுகிறது. வட்டங்களை உலையில் பழுக்கக் காய்ச்சி மெதுவாக்கி, கழுவி, ஓரத்தை உயர்த்தி, கடைசியில் மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அழுத்து. அச்சில் எல்லாம் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். செதுக்குகிறவர் நாள் முழுக்க அப்படிச் செதுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் செய்தித்தாளைப் படிக்க முடியாமல் திணறுவாராம். இயந்திரம் வருவதற்கு முன்னால் ஒருவர் அச்சைப் பிடிக்க, இன்னொருவர் சுத்தியலால் அடிப்பாராம். பிடித்தவருடைய கட்டை விரலைப் பற்றி நான் படித்த புத்தகத்தில் ஒன்றும் இல்லை, எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. நான் இதை அத்தைக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் வெட்டின தகட்டைப் பார்த்து, "துணியை இப்படி வெட்டினா எனக்குக் கட்டுப்படியாகுமாடி?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

வெளியே வரும்போது அத்தை சோதனை வாசலில் கால் வைத்தார். பீப். அப்பா நிமிர்ந்தார். "உடம்புல என்ன வச்சிருக்கே?" "என்ன வச்சிருப்பேன், ஊக்குதான். தையல்காரி ஊக்கில்லாம இருப்பாளா?" "எல்லாத்தையும் தட்டுல போடு." அத்தை இடுப்பிலிருந்து ஊக்குகளை எடுத்தார், முடியிலிருந்து கொண்டைப்பின்களை எடுத்தார். பீப். கழுத்துப்பட்டையில் செருகியிருந்த ஊசி. பீப். விரல் கவசம், பாபின், அளவு நாடாவின் நுனியில் இருக்கிற பித்தளை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போனா தையல் மிஷினையே எடுப்பாங்க போல" என்று ஒருவர் சொன்னார். அத்தையும் சிரித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது மாமா. ஆனால் தட்டு நிறைந்த பிறகும் பீப்.

அப்பா பெண் காவலரைக் கூப்பிட்டுத் தனி அறையில் சோதிக்கச் சொன்னார். அந்த அக்கா அத்தையின் வாடிக்கையாளர். அத்தை கையை இடுப்பில் வைத்து, "கிட்ட வா பார்க்கலாம். அடுத்த தடவை உன் சட்டையை மூச்சுவிட முடியாத அளவுக்குத் தைச்சுத் தர்றேன்" என்றார். அக்கா இரண்டடி பின்வாங்கி, "சார், இந்தத் தெருவுல எனக்கு வேற நல்ல தையல்காரங்க கிடையாது சார்" என்று சொல்லிவிட்டார். "எம் மேல யாரும் கை வைக்க வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் அத்தை. ஏன் என்று கேட்டதற்கு முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். சோதனைக்கு ஒருவர் மறுத்தால் நாணயச்சாலைச் சட்டப்படி ஒரே வழிதான்: உள்ளே வந்த உலோகம், வெட்டின வட்டம், சல்லடைத் தகடு, அடித்த காசு, கழித்த காசு எல்லாவற்றையும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒருவரும் வெளியே போகக் கூடாது. தராசு பார்க்கிறவர் ஓடி வந்து, "சார், உங்க சொந்தத் தங்கச்சி. கண்ணை மூடிட்டு விட்டுடுங்களேன்" என்று காதில் சொன்னார். "கண்ணை மூடிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?" என்று அப்பா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

எல்லாக் குடும்பங்களும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். தேநீர் வில்லைகள் தீர்ந்துபோய்விட்டன. குழந்தைகள் அழுதன. நேரம் போகட்டுமே என்று நான் எழுந்து நின்று, பழைய காலத்தில் வெள்ளிக்காசின் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டித் திருடியவர்களைப் பற்றியும், அதைத் தடுக்கத்தான் ஓரத்தில் வரிவரியாகக் கோடு போட்டார்கள் என்றும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். திருடர்களைப் பற்றிப் பேச அது தகுந்த நேரமில்லை என்று அம்மா என் கையைக் கிள்ளியபோதுதான் தெரிந்தது. "இந்தப் பொண்ணையும் தராசுல ஏத்துங்கப்பா, கொஞ்ச நேரம் வாய் மூடும்" என்று ஒரு உலைக்காரர் சொன்னார். அதற்குள் "காவல் அதிகாரியோட தங்கச்சி காசை எடுத்துட்டாங்களாம்" என்ற பேச்சு முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய், "ஒரு மூட்டையாம்" என்று பெரிதாகி இந்தக் கோடிக்குத் திரும்பி வந்தது. அத்தை அதைக் கேட்டார். அப்புறம் அவர் சிரிக்கவே இல்லை.

எடை கடைசிக் குண்டுமணி வரைக்கும் சரியாக இருந்தது. அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லோர் முன்னாலும், தன் கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து, "உங்க மேல தப்பில்ல. நீங்க போகலாம்" என்றார். அத்தை அப்படியே நின்றார். "நீங்களா?" என்றார். "என்னை இத்தனை பேர் முன்னால நிறுத்தினதுகூடப் பரவாயில்ல. அண்ணன் தங்கச்சிங்கிறதை நீ தராசுல வச்சுப் பார்த்துட்டே. இனி உன் வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்." ஊக்குத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு, கொண்டை அவிழ்ந்த முடியோடு நடந்து போனார்.

அன்றிலிருந்து இப்படித்தான். அப்பாவுக்குத் தைத்துக்கொண்டிருந்த புதுச் சீருடையை அத்தை ஒரு கை மட்டும் தைத்த நிலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "நான் என் வேலையைத்தான் செஞ்சேன்" என்று அலமாரியிடம் சொன்னார். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார். தையல்கடைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். அத்தை கடையில் என்னைப் பார்த்தால் கட்டிக்கொள்கிறார், அப்பா பெயரை எடுத்தால் மிஷினை வேகமாக ஓட்டுகிறார், எனக்கு ஒன்றும் கேட்காது. மாமா, எனக்கு இந்த இரண்டு பேரும் வேண்டும். விடுமுறையை யார் வீட்டில் கழிப்பது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிடுவேன்.

என் வேண்டுகோள் இதுதான்: உடனே விடுப்பு எடுத்து வாருங்கள். இரண்டு பேரும் மதிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். அப்பா உங்களை "என் மச்சான் மாதிரி நிதானமான ஆள் கிடையாது" என்பார். அத்தை நீங்கள் சொன்னால் தட்டவே மாட்டார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து நாலு வார்த்தை சொன்னால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் பார்த்தே படிக்கலாம்.

கடலும் காற்றும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் சத்தம். அத்தை வந்திருக்கிறார். அவர் இடுப்பில் ஒரு பெரிய கரண்டி தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்திலேயே இரண்டு தெரு நடந்து வந்திருக்கிறார். நீங்கள் ஏதோ துறைமுகத்தில் வாங்கி அனுப்பினீர்களாமே, இடுப்புவலிக்கு மூலிகைக் கட்டு என்று, அதைத் துவைத்து இன்று உட்புறம் வெளியே வரும்படி மாற்றிக் கட்டியிருக்கிறார். சமையலறையில் முதலில் கரண்டி வந்து ஒட்டியது, பிறகு தோசைத் திருப்பி. பிரித்துப் பார்த்தால் உள்ளே மூலிகை இல்லை, முழுக்கக் காந்தக்கல்லும் இரும்புப் பட்டையும்தான். அன்று சோதனை வாசலில் பீப் அடித்ததும் இந்தக் கட்டுதான். "சொல்லியிருக்கலாமேடி!" என்று அப்பா கத்தினார். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதே, கேலி பண்ணுவார்னு உன் மச்சான்தான் எழுதினாரு!" என்று அத்தை அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பிறகு இருவரும் அந்தக் கரண்டியையே பார்த்தார்கள். அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. இப்போது இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ஆள் வரட்டும்" என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். ஆகவே மாமா, மேலே கேட்டபடி உடனே புறப்பட்டு வந்துவிடாதீர்கள். கப்பல் இன்னும் தூரமாகப் போகிறதென்றால் தயவுசெய்து அதிலேயே போய்விடுங்கள்.